சொட்டு நின்ற காலை

என் வண்டி ஒழுகுகிறது என்பது இராயபுரம் டாக்ஸி ஸ்டாண்டுக்கே தெரிந்த சங்கதி. நான் சவாரிக்குப் போன பிறகும் நான் நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்; தரையில் அப்பளம் அகலத்துக்கு ஈரம் இருக்கும். "அமீருதீன் வண்டி மறுபடியும் ஒண்ணுக்குப் போயிடுச்சுடா" என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என்னத் திட்னா கூட உனக்கு இவ்ளோ ரோசம் வராது" என்பாள் என் வீட்டுக்காரி ரஹீமுன்னிசா.

உண்மையில் அது சின்ன ஒழுக்குதான். வண்டியின் முகத்தில் நிற்கும் ரேடியேட்டரில், இடது பக்கம் அடியில், ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் ஓடுகிற எந்த வண்டிக்கும் அது வரும். இஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் அந்த ஓட்டையைத் திட்டுவேன். திட்டியதற்கெல்லாம் பிறகு வருத்தப்பட்டேன்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். ஜெயவேலுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைக்கும்போல இருந்தது.

ஜெயவேல் என் தோஸ்து. கத்திவாக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். அவன் அப்பாவும் அதே பாத்தியில்தான் வாரினார். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து அவருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே பார்வை மங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஜெயவேலுக்கு அப்போது இருபத்தெட்டு. பொழுது சாய்ந்தால் அவனும் கண்ணைக் கசக்க ஆரம்பித்திருந்தான். மழை மாதங்களில் உப்பு வேலை நின்றதும் துறைமுகத்துக்குக் கூலியாகப் போவான். அங்கே கிரேன் டிரைவர் பக்கத்தில் நின்று நின்று வேலையைக் கற்றுக்கொண்டான். வேலைக்கு மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. கண் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள்.

"அம்மாம் ஒசரத்துல குந்திகினு கப்பல் அடியில நிக்கறவன் கை காட்றது தெரியணும் அமீரு. எங்கப்பன் மாதிரி ஆவறதுக்குள்ள நான் மேல ஏறிடணும்" என்றான்.

ரயிலில் போய்விடுகிறேன் என்றுதான் அவன் சொன்னான். நான்தான் விடவில்லை. "தோஸ்துன்னு நான் ஒருத்தன் கார் வெச்சிகினு கீறேன், நீ ரயில்ல போவியா? மாப்ள மாதிரி கொண்டாந்து எறக்கறேன் பாரு." சொன்னது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை வண்ணாரப்பேட்டையில் யேசுதாஸ் பட்டறைக்குப் போனேன். ரேடியேட்டர் ஓட்டையை ஈயம் வைத்து அடைப்பதில் அவன் கெட்டிக்காரன். குனிந்து பார்த்துவிட்டு, "கழட்டணும். ரெண்டு நாளு வுட்டுட்டுப் போ" என்றான்.

"திங்கக்கெழம எனக்கு வண்டி வோணும்பா."

"அப்ப இப்பிடியே ஓட்டு. தண்ணிய ஊத்திகினே போ, ஒண்ணும் ஆவாது. ஆனா மாவு கீவு எதுனா உள்ள கொட்னே, அப்பறம் எங்கிட்ட வராத. ஓட்டை எது, வழி எதுன்னு மாவுக்குத் தெரியாது. எங்க சந்து கீதோ அங்கல்லாம் போய் ஒக்காந்துக்கும்."

எனக்கு அவன் பேச்சு பிடிக்கவில்லை. பட்டறைக்கு வரவேண்டிய வேலை போய்விடுமே என்று பயப்படுகிறான், அதனால் இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஸ்டாண்டில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தானே! சின்ன ஒழுக்குக்கு முட்டையின் வெள்ளைக்கரு. அதற்கும் அடங்காவிட்டால் உளுத்தம் மாவும் மஞ்சளும். தண்ணீர் சூடேறும்போது வெந்து, ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டையும் போட்டேன். ஒரு பிடி மாவு போதும். ஜெயவேல் காரியமாயிற்றே என்று மூன்று பிடி போட்டேன். முறுக்குக்கு வைத்திருந்த மாவு என்று ரஹீமுன்னிசா கத்தினாள்.

சாயங்காலம் சொட்டு நின்றுவிட்டது. வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பேப்பர் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ரஹீமுன்னிசாவுக்குக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

எட்டு மணிக்குக் கத்திவாக்கத்தில் ஜெயவேல் வீட்டு வாசலில் நின்றேன். வெள்ளைச் சட்டையைச் செம்பில் நெருப்புப் போட்டுத் தேய்த்து உடுத்தியிருந்தான். அவன் மனைவி கெங்கம்மா காருக்குள் அவன் உட்காருகிற இடத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். "ரெண்டு நாளா இவர நான் உப்புப் பக்கமே அனுப்பல அண்ணாத்தே. ஈரத் துணிய கண்ணுமேல போட்டு வூட்டுக்குள்ளயே படுக்க வெச்சிட்டேன். பத்தரமா இட்டுகினு போ" என்றாள்.

"பூ மாதிரி கொண்டு போறேன் தங்கச்சி" என்றேன்.

வண்டி புறப்பட்டது. இடது பக்கம் கடல். வலது பக்கம் உப்புப் பாத்திகள். அந்த நேரத்துக்கே வெள்ளை வெளேரென்று எரிந்தன. ஜெயவேல் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வலது பக்கம் திரும்பாமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் கேலி செய்தேன். அவன் சிரித்தான், ஆனால் திரும்பவில்லை.

இரண்டு மைல் போனதும் இஞ்சின் கனத்தது. மிதித்தாலும் இழுக்கவில்லை. உள்ளே ஏதோ வறுபடுகிற வாசனை வந்தது.

"எங்கியோ பொட்டுக்கடல வறுக்கறாங்க" என்றான் ஜெயவேல்.

அந்த ரோட்டில் வறுக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்? மீனவர் குடிசைகள்கூட வெகுதூரம் தள்ளி இருந்தன. அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ரேடியேட்டர் மூடிக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய் உண்டு. தண்ணீர் கொதித்தால் ஆவி அந்த வழியாக வெளியே போய்விடும். மற்ற நாட்களில் இந்த வெயிலுக்கு அது புஸ்ஸென்று சீறிக்கொண்டே வரும். அன்று ஒரு சத்தமும் இல்லை. சொட்டும் இல்லை, சீறலும் இல்லை. இத்தனை வருஷத்தில் என் வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியதே கிடையாது. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன்.

எர்ணாவூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது.

இறங்கினேன். ரேடியேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. ஒரு முழத்துக்கு முன்பே சுட்டது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மணி என்ன என்று ஜெயவேல் கேட்டான். எட்டே முக்கால் இருக்கும் என்றேன். அப்போது மேற்கே ரயில் ஊதிக்கொண்டு பட்டணத்துப் பக்கம் போனது. இரண்டு பேரும் அந்தச் சத்தம் தேயும்வரை நின்றோம்.

"ரயில்லயே போயிருக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோலத்தான் சொன்னான்.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. ஸ்டாண்டில் எட்டு மாதமாக வாங்கிய கிண்டலெல்லாம் சேர்ந்து அந்த ஒரு வார்த்தையில் வந்து விழுந்தாற்போல இருந்தது. "போயேன்! யாரு ஒன்னப் புடிச்சி வெச்சாங்க? வேல கெடைக்கறதுக்கு முன்னாடியே தொரைக்கு கார் பத்தலியா?" என்று கத்தினேன். பின் சீட்டிலிருந்து தண்ணீர் டின்னை எடுத்தேன். அது காலி. ஒழுக்குதான் நின்றுவிட்டதே, தண்ணீர் எதற்கு என்று நிரப்பாமல் வந்திருந்தேன்.

"நான் போய் தண்ணி மொண்டாறேன். சும்மா மரம் மாதிரி நிக்காத. மூடியத் தொறந்து வுடு, சூடு எறங்கட்டும்" என்று சொல்லி, துடைக்கிற துணியை அவன் மேல் விட்டெறிந்தேன்.

அந்த மூடியை நான் ஆயிரம் தடவை திறந்திருக்கிறேன். துணியைப் போட்டுத் திருகினால் கொஞ்சம் ஆவி வரும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கு முன்பே குழாய் வழியாகப் போயிருக்கும். அன்று குழாய் வழியாக ஒன்றும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேனா, கோபத்தில் மறந்து சொன்னேனா என்று இன்றைக்கு வரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரோட்டோரம் தள்ளித் தெரிந்த ஒரு கிணற்றைப் பார்த்து இருபது அடி நடந்தேன். அந்த இருபது அடிக்குள்ளேயே நின்றேன். திரும்பினேன்.

ஜெயவேல் குனிந்து, துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது இறுகியிருந்தது போலிருக்கிறது. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"டேய், வுட்ரா!" என்று கத்தினேன்.

வெடித்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூடி எங்கோ பறந்தது. மஞ்சளும் மாவுமாகக் கொதிக்கிற குழம்பு ஆள் உயரத்துக்கு எழும்பி அவன் முகத்தில் அடித்தது. மாவு சேர்ந்திருந்ததால் வழிந்து போகாமல் அப்பிக்கொண்டது. நான் ஓடிப்போய் அவனைப் பிடித்தபோது, முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அலறவில்லை. "இன்னா மணி அமீரு? இன்னா மணி?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர்ப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் ஒரு உப்பு லாரி வந்தது. மூட்டைகளின் மேல் அவனை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். வலது கண் போய்விட்டது என்றார் டாக்டர். இடது கண்ணில் வெளிச்சம் தெரியலாம், எழுத்து தெரியாது என்றார்.

மறுநாள் யேசுதாஸ் வண்டியை இழுத்துப்போனான். ரேடியேட்டரைக் கழற்றி, அந்த மெல்லிய குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தான். விரல் நீளத்துக்கு வெந்த மாவு வந்தது. அதை ஒரு காகிதத்தில் வைத்து என் முன்னால் தள்ளினான். ஊசி முனை ஓட்டையைத் திறந்தபடி விட்டிருந்தால் வண்டி சொட்டிக்கொண்டே துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் கெங்கம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். மாவு போட்டது நான், மூடியைத் திறக்கச் சொன்னது நான். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஜெயவேல் முகம் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். கெங்கம்மா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் செருப்புச் சத்தத்தை வைத்தே அவன் ஆளைத் தெரிந்துகொண்டான்.

நான் வாயெடுப்பதற்கு முன்னால் அவன் பேசினான். "அமீரு வந்துட்டான் பாரு கெங்கா. நான்தான் சொன்னேனே, அவன் தொடாத தொடாதன்னுதான் சொல்லிட்டுப் போனான். எனுக்குத்தான் அவசரம். கேக்காம தொறந்துட்டேன்."

அவன் கை போர்வைக்கு வெளியே வந்து காற்றில் துழாவி, என் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்து ஒரு தரம் அழுத்தினான். பேசாதே என்று அர்த்தம்.

நான் பேசவில்லை.

கெங்கம்மா எழுந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "உன் பேச்சக் கேக்காம போனதுக்கு நீ இன்னா பண்ணுவே அண்ணாத்தே? அம்மாம் தூரம் தோள்ல போட்டுத் தூக்கினு வந்தியாமே" என்றாள். மூலையில் இருந்த கூஜாவிலிருந்து லோட்டாவில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "வெயில்ல வந்துருக்கே. மொதல்ல தண்ணி குடி."

நான் அதை வாங்கி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.