நீர்க்காக்கை பார்க்கப் போனவன்

சந்தையில் கருவாட்டுக் கடைக்கு முன்னால் வைத்து முத்துத்தாய் சண்முகையாவைப் பிடித்தாள். சுற்றி வளைக்கவில்லை. மறுநாள் ஊர்க்கூட்டத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"பொணத்தக் கண்ணால பாத்தேன்னு சொல்லிரும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் சொல்லாண்டாம்."

அவளுடைய புருஷன் நல்லகண்ணு யுத்தத்தில் காணாமல் போனவன். அவனும் சண்முகையாவும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். துப்பாக்கி பிடிக்கிற படை இல்லை, மண்வெட்டி பிடிக்கிற படை. சைப்ரஸ் தீவில் ரோடு போட்டார்கள், விமானத் திடலுக்குக் கல் சுமந்தார்கள். சண்முகையா மட்டும் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தான். நல்லகண்ணு கடலில் விழுந்திருப்பான் என்று வந்த அன்றே அவன் வீட்டில் போய்ச் சொன்னான். சர்க்கார் காகிதத்தில் காணவில்லை என்று மட்டும் இருந்தது.

அவர்கள் வகையில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் செத்தால் தாலியைக் கழற்றிவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் செத்தான் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். ராயகிரி வண்டிக்காரன் வெள்ளத்துரை அவளைக் கட்டிக்கொள்ளத் தை மாதமே கேட்டுவிட்டான். இப்போது மாசி. சித்திரைக்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். மாமியார் முப்பிடாதியம்மாளோ மகன் வருவான் என்று இன்னும் அவன் வேட்டியை வெளுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சண்முகையா சரி என்றான். பொய் சொல்வதில் அவனுக்குக் கூச்சம் கிடையாது. பஞ்சு ஆலையில் ராத்திரி ஷிப்டு பிடிக்காமல் நின்றபோது வயிற்றுவலி என்று சொல்லித்தான் நின்றான். செத்தவனைச் செத்தான் என்று சொல்வது பொய்யில் சேருமா என்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

கூட்டம் அம்மன் கோயில் வாசலில் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிணத்தைப் பார்த்தாயா என்று நாட்டாமை கேட்டார். ஆமாம் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் முப்பிடாதி கேட்டுவிட்டாள்.

"மொகம் நல்லா இருந்துச்சாய்யா? மீனு கீனு கடிக்கலயே?"

அவன் ஒரு முகத்தை உண்டாக்கிப் பார்த்தான். கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா, ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரவில்லை.

"பொணத்தப் பாக்கல," என்றான்.

முத்துத்தாய் அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் தெரிந்ததைச் சொன்னான். முகாமுக்குத் தெற்கே கடலை ஒட்டிச் செங்குத்தான பாறை. அதன் இடுக்குகளில் நீர்க்காக்கைகள் கூடு கட்டும். அங்கே குளிர் முடிகிற காலத்தில் அவற்றுக்கு நெற்றிக்கு மேல் சின்னக் குடுமி முளைக்கும், கறுப்பு இறகில் பச்சை ஓடும். கொஞ்ச நாளில் குடுமி உதிர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊருக்குள் சாராயக் கடைக்குப் போகும்போது நல்லகண்ணு அந்தப் பாறைக்குப் போவான். விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்ப்பான். ஆண் பறவை கடற்பாசியைக் கவ்விக்கொண்டு வரும், பெண் அதை வாங்கி வைக்கும், பிடிக்காவிட்டால் தள்ளிவிடும். சண்முகையா ஒரே ஒரு தடவை அவனோடு போனான். காற்றும் குளிரும் பொறுக்காமல் பீடி தீர்ந்ததும் திரும்பிவிட்டான். கடைசி ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. நல்லகண்ணு தனியாகப் போனான், வரவில்லை. பாறைமேல் பூட்ஸ் இரண்டும் ஜோடியாக இருந்தன. ஈரப் பாறையில் வெறுங்காலைத்தான் நம்புவான். படையே திரண்டு தேடியது, கிடைக்கவில்லை.

"நீர்க்காக்கன்னா, நம்ம கொளத்துல கெடக்குதே, அதா?" என்றார் நாட்டாமை.

"அந்தச் சாதிதான்."

"அதப் பாக்கவா கப்பலேறிப் போனான்? புடிச்சுத் தின்னானா?"

"இல்ல. சும்மா பாப்பான்."

பின்னாலிருந்து ஒருவன், "ஏ சண்முகையா, அந்தக் காக்கா சேல கட்டியிருந்துச்சா, கவுன் போட்டிருந்துச்சா வே?" என்றான்.

கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினால்தான் தேடமாட்டார்கள், பட்டாளத்தானுக்கு இது தெரியாதா என்றார்கள். அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், இங்கே இவள் எப்படி அறுப்பாள் என்றார்கள். முப்பிடாதியின் முகம் தெளிந்துவிட்டது. வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன, உயிரோடு இருக்கிறானே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

முத்துத்தாய் எழுந்து நின்றாள். பெண்கள் அங்கே எழுந்து பேசுவதில்லை.

"கல்யாணமாகி மறுவாரம் எங்கம்மா வீட்டுக்குப் போனோம். குருவிகுளம் பாதையில ஒரு கொளம். இந்தா வாரேன்னு கரையில என்னய ஒக்கார வச்சிட்டுப் போனாரு. பொழுது சாஞ்சிட்டு. போயிப் பாத்தா, பட்ட மரத்துல ரெண்டு நீர்க்காக்க றெக்கய விரிச்சுக் காயப்போட்டிருக்கு. இவரு வாயப் பொளந்து நிக்காரு. புதுப்பொண்டாட்டி நெனப்பே இல்ல. அவரு பொம்பளக்காக ஓடுத ஆளு இல்ல." மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்க பெத்தவுக. நீங்களே சொல்லுங்க அத்த."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாட்டாமை முப்பிடாதியிடம் கேட்டார். மகன் இப்படிப் பறவையைப் பார்த்துத் தன்னை மறந்து நிற்கிறவனா?

இல்லை என்று சொன்னால் போதும், அவன் எங்கோ ஒருத்தியோடு பிழைத்துக் கிடப்பான். முப்பிடாதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கோயில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுலயே அப்படித்தான்," என்றாள். "கஞ்சி ஆறிக் கெடக்கும். கூப்புட்டாக் கேக்காது. கரையில போயி முதுகுல ரெண்டு போட்டுத்தான் இழுத்துட்டு வரணும்."

அப்படியானால் ஊருக்கு மறுப்பு இல்லை என்றார் நாட்டாமை. தாலி கழற்றுகிற நாள், நேரம் எல்லாம் பிறகு பேசலாம் என்றார். முப்பிடாதி அதைக் கேட்கவில்லை. சண்முகையாவிடம் வந்தாள்.

"அந்தக் காக்கா குஞ்சு பொரிச்சுதா?"

அவன் அதற்குப் பிறகு அந்தப் பாறைப் பக்கம் போனதே இல்லை.

"தெரியல பெரியம்மா," என்றான்.

முத்துத்தாய் நின்ற இடத்திலேயே பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்த் தாலிக் கயிற்றின் முடிச்சைத் தேடினாள். வேர்வையிலும் மஞ்சளிலும் ஊறி அது கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள், அசையவில்லை. முப்பிடாதி அவள் பின்னால் போய்க் கையைத் தட்டிவிட்டாள். தலையைக் குனியச் சொல்லிப் பிடரி மயிரை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த பற்களால் முடிச்சைக் கடித்து இழுக்க ஆரம்பித்தாள்.