மூன்றாம் வகுப்பு, ஒரே பிரிவு

பெருந்தொற்று ஓய்ந்து பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும் கால்வாசி பெஞ்சு காலி. ஒரு பிரிவுக்கு அக்கா டீச்சர். மற்றதற்கு அவளுடைய சொந்தத் தங்கை. பிள்ளைகள் சேராவிட்டால் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கி, பணியில் இளையவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னதும் தங்கை அக்காவிடம் ஓடினாள்.

"பயப்படாதடி. வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள் அக்கா.

மாலைதோறும் செருப்புத் தேய அலைந்தார்கள். அக்கா பேச்சில் கெட்டிக்காரி. "அரசுப் பள்ளின்னா இளக்காரமா? எம் பொண்ணே அரசுப் பள்ளியிலதான் படிக்கிறா. நாங்க இருக்கோம்ல?" என்று அவள் சிரித்தாலே தாய்மார்கள் மனமிறங்குவார்கள். தங்கை பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டுவாள். பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

தையல்காரம்மாதான் மிஷினை விட்டு எழவே இல்லை.

"ஊருக்குத்தான் உபதேசமா டீச்சர்? உங்க பொண்ணுக்குத் தனியார் ஸ்கூல் யூனிஃபார்ம் தச்சுக் குடுத்ததே நான்தானே?"

தங்கை சிரித்துவிட்டாள். "ஆள் மாத்திச் சொல்றீங்க. அவ வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியிலதான் படிக்கிறா. இல்லக்கா?"

அக்கா தங்கையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

தெருவுக்கு வந்ததும் மெல்லச் சொன்னாள்: "ரெண்டு வருஷமாப் பள்ளிக்கூடமே இல்ல. எழுத்தெல்லாம் மறந்துபோச்சு அவளுக்கு. பெத்த மனசு கேக்கலடி."

"இந்த அம்மாக்களும் பெத்தவங்கதானே? சேர்த்தது தப்பில்லக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன் பொய்க்கெல்லாம் நான் தலையாட்டியிருக்க மாட்டேன்ல?"

"உனக்காகத்தானே அலைஞ்சேன்?"

தங்கையால் அதைத்தான் தாங்க முடியவில்லை. விடுவிடுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

தெருவெல்லாம் பேச்சுப் பரவியது. சேர்த்தவர்களே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். பிரிவுகள் ஒன்றாயின. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். மிச்சப் பிள்ளைகள் தரையில். அத்தனையும் அக்கா தலையில் விழுந்தது. தங்கைக்கு மாற்றல்.

கடைசி நாளில் அக்கா வாசல்வரை வந்தாள். "மனசுல வச்சுக்காதடி."

"ஜன்னலோரப் பொண்ணுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. முன்னாடி உக்கார வை" என்றாள் தங்கை. 

புதிய பள்ளியிலும் பிள்ளைகள் குறைவுதான். முதல் வாரமே உடன் பணிபுரியும் டீச்சர் கூப்பிட்டாள்: "சாயங்காலம் பிள்ளை பிடிக்கப் போகணும், வர்றீங்களா?"

"வர்றேன். உங்க பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தங்கை பையை எடுத்தாள்.