பூச்சிக்கு மருந்து

பலகையில் எழுதியது நான்தான். ‘பூச்சிக்கு மருந்து போடவும், இரண்டு கேன்.’ பதினொரு வருஷமாக எழுதுகிற வாசகம். எங்கள் பழச்சாறு ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் சர்க்கரையைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குகிற பாக்டீரியாவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூச்சி. வெறும் சர்க்கரைத் தண்ணீரில் அதற்குச் சத்து போதாது என்று கரைத்து ஊற்றுகிற யூரியாதான் மருந்து. வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான என் கொழுந்தனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மனுஷர், தொட்டியில் பூச்சி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று கிருமியைக் கொல்லும் குளோரினை இரண்டு கேன் கவிழ்த்துவிட்டு, “முடிச்சிட்டேன் அண்ணி” என்று வந்து நின்றார். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே தொட்டியிலிருந்த பூச்சி மொத்தமும் செத்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஆற்றுக்குப் போகும் வால்வை ஓடிப்போய் மூடினேன். ஆலையிலிருந்து வரும் கழிவைப் பக்கத்துச் சேமிப்புத் தொட்டிக்குத் திருப்பினேன். மூன்று மணிக்கு அது நிரம்பி வழியும். வழிந்தால் ஆறுதான். அந்தச் சர்க்கரையைத் தின்ன ஆற்றிலுள்ள பாக்டீரியாவெல்லாம் கிளம்பி, தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனை மொத்தமாக உறிஞ்சிவிடும். ஒரு மீன் மிஞ்சாது.

ஆலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். பழக்கூழ் பாதிக் கொதியில் இருக்கிறது, முடியாது என்றார். தொட்டியின் ஆக்ஸிஜன் மீட்டரை எட்டிப் பார்த்து, எட்டு இருக்கிறதே, ரொம்ப நல்லது என்று வேறு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீட்டரை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். மூச்சு விடப் பூச்சி உயிரோடு இருந்தால்தானே ஆக்ஸிஜன் செலவாகிக் குறையும்? அப்புறம், உங்கள் ஆளுக்கு இன்றோடு வேலை இல்லை என்றார்.

“பூச்சி மருந்துன்னா ஊர்ல எல்லாருக்கும் கொல்றதுதான் சார். எழுதினது நான். என்னை அனுப்புங்க” என்றேன்.

குளோரினை முறிக்கும் உப்பைக் கரைத்து ஊற்றினோம். ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. பூச்சி சேறாகப் படிகிற அடுத்த தொட்டியின் பம்ப் காலையிலிருந்து பழுது. அதனால் குளோரின் படாத பூச்சி அங்கே அடியில் கிடந்தது. ஃபிட்டர் வேறொரு பம்பை உருட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தன் சட்டையெல்லாம் சேறாக, குழாயைத் தோளில் தாங்கி நின்றார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், நான்கு வருஷம் வேலையில்லாமல் இருந்தவர். பாவமாக இருந்தது, திட்டக்கூட வாய் வரவில்லை.

இரண்டரைக்குச் சேறு முழுக்கப் பழைய தொட்டிக்கு ஏறியது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க, தொட்டிக்குக் காற்று ஊதும் மெஷினை நிறுத்தினேன்.

மீட்டரில் 7.9. ஐந்து நிமிஷம் கழித்தும் 7.9. சேமிப்புத் தொட்டியில் இன்னும் ஒரு சாண்தான் பாக்கி என்று ஃபிட்டர் மேலிருந்து கத்தினார்.

7.8.

7.3. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 6.4.

“குறையுது அண்ணி” என்றார் கொழுந்தன். “இருந்ததும் செத்துப்போச்சா?”

“மூச்சு விடுதுங்க தம்பி.” எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “காத்தைப் போட்டுட்டு, சேமிப்புத் தொட்டி வால்வைத் திறங்க. பாவம், பசியா இருக்கும்.”