மிஸ்டர் ஹாலிஸின் வரிசை

எழுபத்திரண்டாம் வயதில், பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றிலிருந்து, ஹாலிஸ் டென்பிக்குத் தன் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்ச்சேர நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. காலில் கோளாறு எதுவும் இல்லை. டாம்பாவிலிருந்து வந்த மருத்துவர் டேப் வைத்து அளந்தார், பதினோரு அடி. அவர் நாலு எட்டில் போய்த் திரும்பினார். டென்பி நடந்தால் மட்டும் பாதை இடப்பக்கம் மடங்கிச் சுவர்வரை போகும், வலப்பக்கம் மடங்கித் திரும்பி வரும், கதவு கைக்கெட்டும் நேரத்தில் மறுபடி மடங்கும். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குவில் ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களான எங்களுக்கு இதில் வியப்பில்லை. அந்த மடிப்பு அவருடைய கண்டுபிடிப்பு. அரை மைல் கூட்டத்தைக் கயிறு கட்டி மடித்து மடித்து நிறுத்தினால், தான் நகர்ந்துகொண்டே இருப்பதாக ஜனம் நம்பிவிடும் என்று கண்டுகொண்டவர் அவர். இதற்காக இரண்டு பல்கலைக்கழகங்கள் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தன. ஆளுநர் ஒருவர் அவரை மனித மகிழ்ச்சியின் சிற்பி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஆரஞ்சுத் தோப்புகளை ஐந்து பொய்ப் பெயர்களில் வாங்கி அவர் டென்பிலேண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவைக் கட்டியபோது, நடுவில் எங்கள் பாப்டிஸ்ட் கல்லறைத் தோட்டம் மாட்டிக்கொண்டது. அதைப் பெயர்க்கச் சட்டம் விடவில்லை. அவரும் பெயர்க்கவில்லை, பேய்ப் படகுச் சவாரியை அதன் ஓரமாக விட்டார். “பாசியைக்கூட எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்கான் பாரேன்!” என்று சொல்லி, பத்தொன்பது வயதில் டிராக்டர் கவிழ்ந்து செத்த ட்வைட் கிரைம்ஸின் கல்லைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்தார்கள்.

மே மாதத்து முதல் ஞாயிறு, நாங்கள் கல்லறைகளில் களை பிடுங்கி, மணலைக் கூட்டி, பூ வைத்து, அங்கேயே துணி விரித்துச் சாப்பிடும் நாள். அன்று எங்களை இலவசமாக உள்ளே விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். சொன்னபடி விட்டார், படகுச் சவாரியின் வரிசை வழியாக. ட்வைட்டின் தாய் லியோட்டா பூ நிறைத்த வாளியோடு ஆறு வருடம் அதில் நின்றாள். ஆறு வருடமும், அவளுக்கு முன்னால் சுற்றுலா வந்த ஓஹாயோக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது, மணி ஆறாகி வாசலைச் சாத்தினார்கள். அவளுக்கு எண்பத்தொரு வயதாகி, இதயமும் பழுதாகிவிட்டது. பிள்ளையின் கல்லை இன்னொரு முறை தொடாமலே போய்விடுவோமோ என்பது ஒன்றுதான் அவள் பயம்.

அந்த ஏப்ரலில் டென்பியின் மனைவி மாக்சின் அடுத்த அறையிலிருந்து மூச்சுத் திணறக் கூப்பிட்டாள். “இதோ வந்துட்டேன், வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டு மணி நேரம் நடந்தார். போய்ச் சேர்ந்தபோது அவள் செத்து, உடம்பும் ஆறியிருந்தது. அவள் எங்கள் சபைக் குடும்பத்துப் பெண். ஆகவே எங்கள் தோட்டத்திலேயே, தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அடக்கத்துக்கு, நெஞ்சுவலியில் படுத்திருந்த லியோட்டா வரவில்லை; டென்பியாலும் வந்துசேர முடியவில்லை. ஊழியர்கள் திறந்துவிட்ட பக்கவாசல் வழிகளும் அவருக்கு மடங்கிக்கொண்டன. எனவே மே முதல் ஞாயிறு அவரும் எங்களோடு வரிசையில் நின்றார், லியோட்டாவுக்குப் பின்னால்.

“மிஸ் லியோட்டா, என்னைக் கொஞ்சம் முன்னால விடுங்களேன். மாக்சினைப் பாக்கணும்.”

“எத்தனை நாளா பாக்கல, மிஸ்டர் ஹாலிஸ்?”

“நாலு வாரம்.”

“எனக்கு ஆறு வருஷம்.”

“வயசாயிடுச்சும்மா எனக்கு.”

“எனக்கென்ன, இப்பத்தான் பல்லு முளைக்குதா?”

மணி ஐந்து நாற்பது. லியோட்டா கயிற்றைத் தட்டிப் பார்த்தாள். “இது யாரு கட்டினது?”

“நான்தான்.”

“அப்ப நீங்களே அவுத்துவிடுங்க. நீங்களும் போகலாம், நானும் போகலாம்.”

டென்பி முடிச்சில் கை வைத்தார். சற்று யோசித்தார். கையை எடுத்துக்கொண்டார். “அவுத்தா ஆளாளுக்கு முண்டியடிப்பாங்க, மிஸ் லியோட்டா. ஒழுங்கு கெட்டுடும்.”

“ஒழுங்கு!” என்றாள் லியோட்டா. களை வெட்டக் கொண்டுவந்த கத்தரியை வாளியிலிருந்து எடுத்து, முதல் கயிற்றை வெட்டினாள். அடுத்து இரண்டாவது. மூன்றாவதற்குப் போவதற்குள் மற்றவர்களும் தங்கள் கத்தரிகளை எடுத்துவிட்டார்கள். ஏழு கயிறும் தரையில் கிடந்தன. யாரும் முண்டியடிக்கவில்லை. ஓஹாயோக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். லியோட்டா நேராக நடந்துபோய், ட்வைட்டின் கல்மேல் கையை வைத்து, பொழுது சாயும்வரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாசல் சாத்த வந்தவன் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

டென்பியும் அதே இடைவெளி வழியாகத்தான் நுழைந்தார். கயிறே இல்லாத இடத்தில் அவர் இடப்பக்கம் திரும்பினார், வேலிவரை போனார், வலப்பக்கம் திரும்பினார். பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்த தட்டோடு எங்கள் பாஸ்டர் அவரிடம் போகப் பார்த்தார்.

“உக்காருங்க பாஸ்டர்,” என்றாள் லியோட்டா, திரும்பிப் பார்க்காமலே. “வரிசையில நிக்கிறவங்க எதுவும் தின்னக்கூடாதுன்னு போர்டு வெச்சதே அவருதான்.”

பாஸ்டர் உட்கார்ந்தார். அந்தக் கோழிக்காலைத் தானே தின்றார்.

ஆகஸ்டில் லியோட்டா இறந்தாள். ட்வைட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. டென்பி இன்னும் அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறார். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாக்சினின் கல்லுக்கு ஒரு கை தூரத்தில் வந்து மடங்குகிறார். அவர் இடப்பக்கம் போகும்போது நாங்கள் வலப்பக்கத்து மணலைக் கூட்டிக்கொள்கிறோம், வலப்பக்கம் வரும்போது இடப்பக்கத்தை. வேலை ஒன்றும் கெடுவதில்லை.