தோற்றவர் போய்ச் சொல்ல வேண்டும்

எங்கள் கட்சியில் ஒரு விதி உண்டு. ஓட்டெடுப்பில் தோற்றவர்தான் முடிவைத் தன் ஆட்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் சொன்னால் தலைக்கனம் வந்துவிடுமாம், தோற்றவர் சொன்னால் கட்டுப்பாடு வளருமாம். இதைக் கொண்டுவந்தவர் எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூப்பிடுவதும் கண்டக்டர் என்றுதான். கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் இன்னமும் "ரைட், போலாம்" என்பார்.

எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். அந்தக் கூட்டம் வரை நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

கட்சி இனி எந்த ஊரில் வேலை செய்வது என்று முடிவெடுக்க, எல்லா ஊர் ஆட்களும் அன்று மத்தியானம் டயர் கடைக்கு மேலே இருக்கும் அறையில் கூடியிருந்தோம். தையல் ஆலை முதலாளியின் ஆட்கள் காலையிலிருந்து எதிர்ப் பக்கம் காரை நிறுத்தி வேவு பார்த்துக்கொண்டிருந்ததால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டோம். கீழேயிருந்து வந்த ரப்பர் பசை நாற்றத்தில் தலை கிறுகிறுத்தது.

"ஊருக்கு ரெண்டு பேரு, மூணு பேருன்னு சிதறிக் கிடக்கோம்," என்று ஆரம்பித்தார் கிரேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "எல்லா ஊர்லயும் அடி வாங்குறோம், எங்கயும் ஜெயிக்கல. எல்லாரும் ஒரே வட்டாரத்துல போய் உக்காருவோம். வக்கீல், அச்சு மெஷின், வேலைநிறுத்த நிதி, முழுநேர ஆளுங்க எல்லாம் அங்கயே. ஒரு எடத்துல ஜெயிச்சுக் காட்டுனா மத்த ஊரு தானா நம்பும். துறைமுகம்தான் அதுக்குத் தோதான எடம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் இந்த ஊர்த் தையல் ஆலையில் இஸ்திரிப் பிரிவு. என் தங்கை அங்கேயே தையல் மெஷினில் இருந்தாள். கட்சி ஆலையில் தொடங்கிய சங்கத்தின் கோரிக்கையில் முதல் கையெழுத்து அவளுடையது, நான் சொல்லித்தான் போட்டாள். முந்தின நாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை பெண்கள் எல்லாரும் ஆலை வாசலில் உட்காரப் போகிறார்கள். கட்சி துறைமுகத்துக்குப் போய்விட்டால் அவர்களுக்கு வக்கீலும் கிடையாது, நிதியும் கிடையாது. அதை நான்தான் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தங்கை முனையிலிருந்த டீக்கடையில் காத்திருந்தாள். "நல்ல சேதியோட வா, இல்லன்னா அங்கயே கெட" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டில் கொஞ்சுவதெல்லாம் இந்த ரகம்.

எழுந்தேன்.

"ஜெயிக்கிற எடத்துக்குப் போவோம்னா, நம்பி வந்தவங்கள என்ன பண்றது? கழுத்த நீட்டுன்னு சொன்னது நாம. அவங்க நீட்டுனப்புறம் நாம வேற ஊருக்கு வண்டி ஏறிட்டா அதுக்கு என்ன பேரு?"

"அக்கா சொல்றது சரி தோழர்," என்றார் வெடி. கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவர், ஆனால் அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கூடக் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். "எங்க ஆளுங்களும் பொண்டாட்டி புள்ளயோட தெருவுலதான் நிக்கிறாங்க."

எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் வெடி வைக்கச் சொன்ன குவாரி அது. அதில் ஒருவர் செத்தார். மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி அவர்களைக் குடியிருப்பிலிருந்து சட்டி பானையோடு வெளியே தள்ளிவிட்டது.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"எங்க ஆலைய லேசா நெனைக்காதீங்க. எல்லா ஷிப்டும் நம்ம பக்கம். நாங்க இஸ்திரிப் பெட்டிய கீழ வச்சா ஒரு சட்ட வெளிய போகாது. இந்த வாரம் சரக்கு கப்பல் ஏறணும். முதலாளி குடுமி இப்ப நம்ம கையில இருக்கு!"

கிரேன் தாடையைத் தடவினார்.

"நெசமாவே அவ்வளவு பலமா இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"அப்ப துறைமுகம் எதுக்கு? எல்லாரும் இங்கயே வந்துருவோம். நான் என் தீர்மானத்த மாத்திக்கிறேன் தோழர்."

மனிதர் தன் ஊரையே விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்டக்டருக்கோ வாயெல்லாம் பல்.

"ரைட். இனி தையல் ஆலை வட்டாரம் மட்டுந்தான். வக்கீல், நிதி, ஆளு எல்லாம் நாளைக்கே இங்க. மத்த ஊரு வேலையெல்லாம் இன்னையோட நிறுத்தம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

மற்ற ஊர் என்றால் குவாரியும்தான். நம்பி வந்தவர்களை விடக்கூடாது என்று அப்போதுதான் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். அதையே இன்னொரு தரம் சொன்னால் போதும். வெடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இதோ எழுந்துவிடுவாள் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. நானோ டீக்கடையில் உட்கார்ந்திருப்பவளை நினைத்தேன்.

கையைத் தூக்கினேன், தோள் வரைக்கும்.

"நல்லாத் தூக்குங்க தோழர், எண்ண வேணாமா?" என்றார் கண்டக்டர்.

நன்றாகத் தூக்கினேன். எதிர்த்தவர் வெடி ஒருவர்தான்.

கலையும்போது கிரேன் பக்கத்தில் வந்து "ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

வெடி மாடிப்படியில் நின்றிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சாயங்கால ரயிலுக்குப் போறேங்கா," என்றார். "எங்க ஆளுங்க ஸ்டேஷனுக்கே வந்து நிப்பாங்க, என்ன ஆச்சுன்னு கேக்க."

"தம்பி..."

"தோத்துட்டா உங்க பொண்ணுங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருப்பீங்கல்ல? அதச் சொல்லுங்க. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிறேன். எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

யோசித்துத்தான் வைத்திருந்தேன். எப்படிச் சொன்னாலும் துரோகமாகத்தான் பட்டது. தோற்றால் கட்சியாவது மண்ணாங்கட்டியாவது, எதுவும் சொல்லாமல் அவர்களோடு போய் வாசலில் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அன்று கூட்டத்துக்கே வந்தேன். அதை அவரிடம் சொன்னேன். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

வெடி தலையை ஆட்டினார்.

"சரிக்கா. அப்ப நானும் எங்க ஆளுங்களோடயே தெருவுல உக்காந்துடுறேன். இனிமே கட்சிக்கு வரமாட்டேன்னு கண்டக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."