மெழுகு உரித்த தரை

"இன்னைக்கும் பண்ணிட்டானா?" என்று ஆறு வாரத்துக்கு முன்னால் கப்பலிலிருந்து தொலைபேசியில் சிசோ கேட்டான், "கொஞ்சம்தான்," என்றேன், "கொஞ்சம்னா எவ்வளவு பெர்லா?" என்றான், "ஒரு தம்ளர் இருக்கும்," என்றேன், கப்பல் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, "நான் வந்து மூணு நாள் பார்க்கிறேன், வீட்டுக்குள்ள ஒரு தடவை நனைச்சாலும் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டுத் தூங்க வச்சுடலாம், வயசான காலத்துல அவன் அசிங்கப்பட வேண்டாம்," என்றான்... அதற்கு நான் என்ன சொன்னேன்? பத்திரமா வா என்றேன். கல்யாணமான பதினாறு வருடமாக அவனிடம் சொல்ல எனக்கு இருப்பது இந்த இரண்டு வாக்கியங்கள்தான், பத்திரமா போ, பத்திரமா வா. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு முறையும் துறைமுகத்துப் பேருந்து கிளம்பும்போது தொண்டை வரை வரும், எச்சிலோடு விழுங்கிவிடுவேன், யாருக்கும் தெரியாது, எங்கள் கிழட்டு நாய் கப்பித்தானுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம், அன்றைக்கெல்லாம் அவன் என் செருப்பின் மேலேயே தலையை வைத்துப் படுத்திருப்பான்.

இன்று மூன்றாவது நாள், மணி இரண்டரை, நேற்றும் முந்தாநாளும் ஒரு சொட்டு இல்லை, ஆனால் சிசோ எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு மணிக்கு டாக்டரை வரச் சொல்லிவிட்டான். எதற்கும் என்றால் எதற்கு? கப்பித்தான் சோறு தின்றுவிட்டு மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் படுத்தவன், இன்னும் எழவில்லை, நீண்ட தூக்கம் முடிந்து எழுகிற நேரம்தான் ஆபத்து, அது எனக்குத் தெரியும், மற்ற நாளாக இருந்தால் தட்டி எழுப்பி அழைத்துப் போயிருப்பேன், இன்றைக்குக் கூடாதாம், "நீ எழுப்பினா அது உன் கெட்டிக்காரத்தனம், அவனா போகட்டும், நான் பார்க்கணும்," என்று பிரம்பு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, இயந்திர அறையில் அழுத்தமானியைப் பார்ப்பதைப்போல நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் சிசோ. மனாங் என்று நான் கூப்பிடுகிற அவன் அக்கா விசித்தாவும் வந்து உட்கார்ந்துவிட்டாள், ஓலை விசிறியும் வாயும் ஒரே வேகத்தில் ஆடுகின்றன, "நம்ம தெருவுல எந்த நாய் வீட்டுக்குள்ள தூங்குது? வெளியில கட்டினா மழையே கழுவிட்டுப் போகும்," என்கிறாள், "உங்க வீட்டுக்காரரையும் அப்படியே கட்டுங்க மனாங், சனிக்கிழமை குடிச்சுட்டு வந்தா அவரும் நனைக்கிறாராமே," என்கிறேன், சிசோ இருமுகிறான், சிரிப்பை மறைக்க அவனுக்கு வேறு வழி தெரியாது.

கப்பித்தான் வந்தது சிசோவின் இரண்டாவது கப்பல் பயணத்துக்கு முன்னால், பால் டப்பா வந்த அட்டைப்பெட்டியில், கப்பல் தலைவன் என்று பெயர் வைத்தவனும் சிசோதான், "கப்பல்ல நான் எண்ணெய் துடைக்கிறவன், வீட்டுலயாவது ஒரு கப்பித்தான் என் பேச்சைக் கேட்கட்டும்," என்றான், அதற்குப் பிறகு பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு, கூட்டிப் பார்த்தால் நான் யாரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்? இந்தத் தரையை முதல் முறை பார்த்தபோது "இதுல என் முகம் தெரியுதே பெர்லா," என்று சிசோ குனிந்து பார்த்தான், அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினான்கு வருடம் சனிக்கிழமைதோறும் சிவப்பு மெழுகைப் பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்த்தேன், கப்பித்தான் என் பின்னாலேயே ஆடிக்கொண்டு வருவான். எட்டு மாதத்துக்கு முன்னால் முதல் ஈரத்தைப் பார்த்தபோது அவனைத் திட்டினேன், இப்போது நினைத்தாலும் சுருக்கென்கிறது, காதை மடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். தென்னங்கள்ளு வினிகரை ஊற்றித் துடைத்தேன், அதன் மேல் மெழுகு, மறுநாள் மறுபடி ஈரம், மறுபடி வினிகர், இன்னும் தடிமனாக மெழுகு... "வீடு பூரா வினிகர் ஊத்தின அடோபோக் கறி வாசனை, தட்டைப் பார்த்தா ஒண்ணையும் காணோம்," என்று மனாங் மூக்கைப் பிடித்தாள். டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுக் கிருமியும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வயசுதான் என்று மாத்திரை கொடுத்தார், தூக்கத்தில் கசிவது குறைந்தது, குழந்தைகளின் டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டு இரவில் கட்டினேன், ஆனால் பகலில் அந்த ஒரு தம்ளர் மட்டும் நிற்கவேயில்லை.

அன்றைக்கு, ஐந்து வாரம் இருக்கும், பெஞ்சுக்கு அடியில் துடைக்கக் குப்புறப் படுத்தேன், சாயங்கால வெயில் சன்னல் வழியாகப் படுக்கையாக விழுந்தது, அப்போதுதான் பார்த்தேன், மெழுகின் மேல் நகக் கீறல்கள், விசிறி விசிறியாக, அவன் படுக்கும் இடத்தில் தொடங்கி வாசலை நோக்கி, ஓரிடத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து... ஈரம் எப்போதும் அந்தக் கீறல்கள் முடிகிற இடத்தில்தான் இருந்தது, வாசலுக்கு இரண்டே அடி முன்னால். கிழவன் எதையும் மறக்கவில்லை, ஒவ்வொரு நாளும் வெளியே போகத்தான் பார்த்திருக்கிறான், என் பளபளப்பு அவன் காலை வாரிவிட்டிருக்கிறது, ஈரத்தை மறைக்க நான் பூசப் பூச அவன் இன்னும் வழுக்கியிருக்கிறான். படுத்தபடியே அழுதேன், எழுந்து வெந்நீர் வைத்தேன். நான்கு நாள், சோப்புத் தண்ணீரும் இரும்பு நாரும், பதினான்கு வருட மெழுகு சேறு மாதிரி உரிந்து வந்தது. சிசோவின் பழைய ஜீன்ஸையெல்லாம் வெட்டித் தைத்து மாடிப்படியிலிருந்து வாசல் வரை ஒரு பாதை, வாசற்படிக்கு ஒரு பழைய கதவைச் சரிவாகச் சாய்த்தேன். மூன்று நாளைக்கு முன்னால் பையோடு வந்து நின்ற சிசோ தரையைப் பார்த்துவிட்டு, "என் முகம் எங்க போச்சு?" என்றான், "கண்ணாடியில இருக்கு, போய்ப் பாரு," என்றேன்.

காது அசைகிறது... கப்பித்தானின் இடது காது. கண்ணைத் திறக்கிறான், மனாங்கின் விசிறி நிற்கிறது, முன்னங்கால்களை ஊன்றுகிறான், இடுப்பு எழவில்லை, தூக்கிவிடலாமா, என் கைகளை நானே தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்கிறேன், எழு ராசா, எழு, பின்னங்கால் நடுங்குகிறது, நகம் ஜீன்ஸ் துணியைப் பிடித்துக்கொள்கிறது, நின்றுவிட்டான்! ஓரடி, இன்னோரடி, பாதி வழியில் நிற்கிறான், ஏன் நிற்கிறான், ஐயோ இங்கேயா, மாதாவே இங்கே வேண்டாம்... பிறகுதான் தெரிகிறது, பாதைக்குக் குறுக்கே சிசோவின் நீட்டிய கால்கள். கப்பித்தான் தாண்ட முடியாமல் வயிற்றை எக்கிக்கொண்டு காத்திருக்கிறான், உடம்பு முழுக்க நடுக்கம். "காலை எடு!" என்று கத்தினேன், "காலை எடுடா சிசோ, வழியை விடு!" பதினாறு வருடத்தில் இவனிடம் நான் குரலை உயர்த்தியதில்லை, சுட்டுக்கொண்டவனைப்போலக் காலைத் தூக்கினான், கப்பித்தான் நடந்தான், வாசல், சரிவு, முற்றம், கலமான்சி எலுமிச்சை மரத்தடி, காலைத் தூக்குகிற வயதெல்லாம் போய்விட்டது, குட்டி மாதிரி குந்தினான், போனான் போனான் போய்க்கொண்டே இருந்தான். "சேசு மரியே சூசையே, ஆறு மாதிரில்ல போகுது!" என்று மனாங் கைதட்டினாள், வெளியில் கட்டச் சொன்ன அதே மனாங். சிசோ முற்றத்துக்கு ஓடி, கையைக் குவித்துத் துறைமுகம் சேருகிற கப்பலின் சங்கைப் போலப் பூம் பூம் என்று ஊதினான், தொலைபேசியை எடுத்தான், "டாக்டர், வர வேண்டாம்... இல்லை, வாங்க, ஊசியை மட்டும் வச்சுட்டு வாங்க, காப்பி குடிக்கலாம்!" நான் சிரிக்கிறேனா அழுகிறேனா, கன்னம் நனைந்திருக்கிறது, நனையட்டும், இந்த வீட்டில் இன்றைக்கு நனைந்தது இது மட்டும்தான்.

சிசோ நாயின் பக்கத்தில் குந்தி அதன் நரைத்த தாடையைத் தடவினான், "கெட்டிக்காரி நீ," என்று என்னைப் பார்த்துச் சொன்னான், "ஜூன்ல நான் கிளம்பினா அடுத்த வருஷம்தான் வருவேன், அது வரைக்கும் இவனை இப்படியே பார்த்துக்க பெர்லா, சரியா?" பத்திரமா போ என்று சொல்ல வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது, கப்பித்தான் திரும்பி, நகத்தை ஊன்றி ஊன்றி, வழுக்காமல் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தான், அந்த மங்கிய தரையைப் பார்த்தேன், அதில் நடக்க வீட்டிலேயே இல்லாத ஒருவனின் முகம் தெரிவதற்காகவா அத்தனை சனிக்கிழமையும் தேய்த்தேன்...

"போகாத சிசோ," என்றேன். "இந்தத் தடவை போகாத."