பூனை மனிதனின் மேலுதடு

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் உருவங்கள் செய்து பிழைக்கிறவனை வீட்டார் எல்லோரும் களிமண் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அவன் மனைவியின் அண்ணன். தலைக்குள் இருப்பதை எடுத்து வெளியே வைத்தே சம்பாதிக்கிற ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளைதான் என்று, கல்யாணமான புதிதில் ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். சிரித்ததில் களிமண்ணுக்கே புரையேறியது. மச்சானின் கேலியில் முள் இருக்காது.

மச்சான் நகரப் பேருந்து ஓட்டுபவர். அவர் ஓட்டுகிற வண்டிக்கு ஒரு எண் உண்டு. ஆனால் பயணிகள் அதை மீசை வண்டி என்றுதான் சொல்வார்கள். அப்படியொரு மீசை. மூக்கின் அடியில் ஆரம்பித்து, மேலுதட்டை முழுசாக மூடி, இரண்டு பக்கமும் கன்னத்தில் இறங்கும். டீ குடித்தால் பாதியை மீசைதான் குடிக்கும். "மீசைக்குத் தனியா ஒரு டம்ளர் வைக்கவாப்பா?" என்று அவர் மகள் கேட்பாள்.

அந்த மீசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் களிமண் ஒரே ஒரு தடவை பார்த்தான். மச்சானுக்குப் பல் வேரில் சீழ் கோத்து, மேல்தாடையில் கத்தி வைக்கவேண்டியதாகிவிட்டது. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல், மனைவியால் நகர முடியவில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் களிமண். நர்ஸ் வந்து மீசையை மழித்துவிட்டுப் போனபோது மச்சான் சட்டென்று துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். ஆனால் அதற்குள் பார்த்தாகிவிட்டது. பிறக்கும்போதே பிளந்திருந்த உதட்டைக் கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ அவசர அவசரமாகத் தைத்திருந்தார்கள். இடது நாசியிலிருந்து ஒரு தழும்பு இறங்கி, உதட்டை அந்த இடத்தில் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடித்திருந்தது. அந்தச் சின்ன இடைவெளியில் பல்லின் நுனி தெரிந்தது.

"மாப்ளே, என் பொண்ணு இதைப் பார்த்ததில்ல. நீ பார்த்தது உன்னோட இருக்கட்டும்."

களிமண் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினான். தானே கடைக்குப் போய் முகக்கவசம் வாங்கி வந்தான். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, மீசை வளரும்வரை மச்சான் அதைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். களிமண் யாரிடமும், மனைவியிடம்கூட, மூச்சுவிடவில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆனால் மச்சான் மயக்கத்தில் தூங்கியபோது, பார்க்கக்கூடாது என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டானே தவிர, அவனுடைய தொழில்காரக் கண் திரும்பவில்லை. தழும்பு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது, உதடு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதையெல்லாம் அது அளந்து வைத்துக்கொண்டது.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து அருங்காட்சியகத்தில் ஒரு புதுக் கூடம் திறக்க முடிவானது. பூனை மனிதர்களுக்கென்றே ஒரு கூடம். அதில் மூன்று பகுதிகள். முதலில் புராணத்துப் பூனைகள்: பூனைத் தலையோடு கையில் தாளம் ஏந்தி நிற்கிற தெய்வம், இருட்டியதும் பூனையாக மாறிக் கூரையேறுகிற பெண், சாபத்தால் வால் முளைத்த அரசகுமாரன். அடுத்தது கதைகளிலும் சித்திரங்களிலும் வருகிற பூனைப் பெண்கள். கடைசிப் பகுதிதான் கஷ்டமானது. ஒரு காலத்தில் பூனை வம்சத்தில் ஒரு கிளை எழுந்து நின்று, முன்னங்கால்களைக் கையாக்கி, பேசவும் கற்றிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று உயிரியல்படி யோசித்து அங்கே ஒரு உருவம் செய்து வைக்கவேண்டும்.

முதல் இரண்டு பகுதிகளையும் களிமண் விளையாட்டுப் போலச் செய்து முடித்தான். மனுஷக் கழுத்தின்மேல் பூனைத் தலையை வைத்தால் வேலை முடிந்தது. மூன்றாவதில் அந்தப் பருப்பு வேகவில்லை. அதற்குப் பொறுப்பாக இருந்த உயிரியல்காரப் பெண்ணை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். வேகமாகப் பேசுவார், மெதுவாகத்தான் ஒப்புக்கொள்வார். பூனைக்குத் தோளைத் தாங்குகிற காறை எலும்பு பேருக்குத்தான் இருக்கிறது, அதனால் தோள் குறுகலாகத்தான் இருக்கும் என்றார். செய்தான். காது உச்சியில்தான் நிற்கும் என்றார். செய்தான். வாயில் வந்து வண்டி நின்றுவிட்டது. பூனையின் மேலுதடு மூக்குவரை பிளந்திருக்கும். இந்த உயிருக்கும் அது வேண்டும். ஆனால் அந்த உதட்டை வைத்துக்கொண்டு இது பேசவும் வேண்டும்.

எத்தனை உதடு செய்து அழித்தான் என்பதற்கு அவனிடமே கணக்கில்லை. ஒன்று பூனையாக இருந்தது, இல்லாவிட்டால் பூனை வேஷம் போட்ட மனுஷனாக இருந்தது. டாக்டரம்மா வருவார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், இன்னும் வேஷம் கலையவில்லையே என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எதையும் யோசிக்காமல் அவன் கட்டைவிரல் இடது நாசிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தது. உதடு கொஞ்சம் மேலே ஏறியது. முகம் உயிர்பெற்றுவிட்டது. அது யாருடைய உதடு என்று அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துபோனது. கை தானாகச் செய்துவிட்டது என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். கோட்டைக் கை தானாக இழுத்திருக்கலாம். ஆனால் அதன்பிறகு ஊசி எடுத்து, தையல் விழுந்த இடங்களில் இருந்த மெல்லிய மேடுபள்ளங்களை ஒவ்வொன்றாக வைத்ததும், பல்லின் நுனி தெரிகிற இடைவெளியைத் திறந்ததும் கை தானாகச் செய்த வேலை அல்ல.

டாக்டரம்மா வந்து பார்த்தார். உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு, "இது இப்ப பேசப் போகுது" என்றார். இயக்குநரைக் கூட்டிவந்து காட்டினார். எல்லோரும் களிமண்ணின் முதுகில் தட்டினார்கள். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அச்சு எடுக்க மறுநாள்தான் ஆள் வரும். கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் போதும். அவன் தேய்க்கவில்லை. பூனை முகம், அதன்மேல் ரோமம் வேறு ஒட்டப்போகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். பூனை செய்யப்போனவன் அந்தப் பூனையாகவே ஆகிவிட்டான்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் ஊழியர்களின் குடும்பத்தை உள்ளே விட்டார்கள். களிமண்ணின் மனைவி வந்தாள். அரசகுமாரனின் வாலைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே கடைசிக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"இது எங்கண்ணன்" என்றாள்.

அவன் ஏதேதோ சொன்னான். எல்லாப் பூனைக்கும் உதடு இப்படித்தான் என்றான். டாக்டரம்மா சொன்ன அளவு என்றான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல அண்ணனுக்கு என்ன பேரு தெரியுமா? பூனை. உள்ள நுழைஞ்சாலே மொத்த வகுப்பும் மியாவ்னு கத்தும். மீசை முளைச்ச வருஷம்தான் அது நின்னுச்சு."

களிமண்ணுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொன்னான். அதைச் சொல்லும்போதே அந்த வார்த்தை தனக்கு எந்த விதத்திலும் உதவாது என்பது அவனுக்குப் புரிந்தது. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் டாக்டரம்மாவிடம் ஓடினான். வாய் சரியாக வரவில்லை, ஒரு வாரம் கொடுத்தால் மாற்றிவிடுகிறேன் என்றான். கூடத்திலேயே சரியாக வந்திருப்பது அது ஒன்றுதான், உங்களுக்கு என்ன பைத்தியமா என்று அவர் கேட்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை இறங்கி வந்திருப்பார். ஆனால் காரணத்தைச் சொன்னால் மச்சானை இன்னொரு தடவை காட்டிக்கொடுத்ததாக ஆகும். வாயை மூடிக்கொண்டு திரும்பிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாக மச்சான் முன்பே சொல்லியிருந்தார். களிமண் போன் செய்து, கூட்டம் நெரிகிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிக்கழித்தான். கூட்டத்தை ஏற்றி இறக்கித்தானே நான் சோறு தின்கிறேன் என்று மச்சான் சிரித்தார். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, சலவைச் சட்டையில், மீசையை வாரிவிட்டுக்கொண்டு வந்துசேர்ந்தார்.

பூனைத் தெய்வத்தின் முன்னால் களிமண் தேவைக்கு மேல் பேசினான். கூரையேறும் பெண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியாத கதையெல்லாம் சொன்னான். நேரம் ஓடினால் குழந்தைக்குக் கால் வலிக்கும், வீட்டுக்குப் போகலாம் என்பாள் என்று நப்பாசை. அவளுக்குக் கால் வலிக்கவில்லை. நேராகக் கடைசிப் பெட்டிக்கு ஓடி, கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றுகொண்டாள். இருக்கிறதிலேயே இதுதான் அழகு, எதையோ சொல்லவந்து நிறுத்தின மாதிரி இருக்கிறது என்றாள். பக்கத்தில் இருந்த இளைஞர் கூட்டத்தில் ஒருவன் விளையாட்டுக்கு மியாவ் என்றான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மச்சானின் கை மீசைக்குப் போனது. அவர் உருவத்தை ஒருமுறைதான் பார்த்தார். பிறகு களிமண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். பழக்கமில்லாத ஒரு ஆள் பேருந்தில் ஏறினால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். நேரமாகிறது வா என்று மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய மனைவி களிமண்ணிடம் சொல்லிக்கொள்ளாமல் பின்னாலேயே போனாள்.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. அண்ணன் வீட்டுக்கு மனைவி தனியாகப் போய்வந்தாள். அருங்காட்சியகத்தில் எல்லோரும் அந்த உதட்டைத்தான் பேசினார்கள். அவனுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்த அன்று வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். கூடத்தின் வழியாகப் போகவேண்டி வரும் என்று, குப்பை வண்டி வருகிற பின்வாசல் வழியாக வேலைக்கு வந்துபோனான். பெற்ற பிள்ளையின் முகத்தில் விழிக்க முடியாத தகப்பன் மாதிரி இருந்தது அவன் நிலைமை.

கடைசியில் ஒருநாள் பேருந்துப் பணிமனைக்கே போனான். மச்சான் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் மச்சான் அவனை வா என்பார், வாடா என்பார். வாங்க என்று சொன்னதே இல்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

"அதை எடுத்துடச் சொல்றேன் மச்சான். வேற செஞ்சு வைக்கிறேன்."

"என்ன காரணம் சொல்லி எடுப்பீங்க?" என்று கேட்டபடி அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியோடு கண்ணாடிக்குத் திரும்பினார். "எடுத்தா, பார்க்கச் சகிக்காததுன்னு எடுத்ததா ஆயிடும். இருக்கட்டும்."

களிமண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரையில் எண்ணெய்க் கறை பரவியிருந்தது.

"பசங்க கத்தினதெல்லாம் பழசு. அது போகட்டும்" என்றார் மச்சான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு. "என் பொண்ணுகிட்ட என்னிக்காவது நானே காட்டணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத் தள்ளிப்போட்டுட்டே வந்தேன். இப்ப அவ அந்த உருவத்தோட படத்தை வாங்கிச் செவுத்துல ஒட்டியிருக்கா. அதைப் பார்த்துக்கிட்டுத்தான் தினமும் சாப்பிடுறேன். நான் சொல்லவேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க. அதையும் பூனைன்னு சொல்லிட்டீங்க."

வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். மன்னிப்புக் கேட்க வந்தவன் அதைக் கேட்காமலேயே புகையில் நின்றான்.

சில மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். உருவம் செய்தவரே விளக்கினால் நன்றாக இருக்கும் என்று டாக்டரம்மா அவனைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்திவிட்டார். பிள்ளைகளுக்கு நடுவில் மச்சானின் மகள் நின்றிருந்ததை அவன் வந்து நின்ற பிறகுதான் பார்த்தான். காறை எலும்பு, காது, கை என்று எப்படியோ சொல்லிக்கொண்டு போனான். முடித்ததும் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி, இந்த முகத்தை யாரைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நிறையப் பூனைகளைப் பார்த்து என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிப் பழகிய பதில். அது வாய்வரை வந்தது.

"எனக்கு வேண்டிய ஒருத்தரைப் பார்த்து. அவர் என்னை நம்பினாரு. நான் அவர்கிட்ட கேட்காம எடுத்துட்டேன். எடுத்திருக்கக் கூடாது."

டாக்டரம்மா திரும்பி அவனை உற்றுப் பார்த்தார். ஆசிரியை தொண்டையைக் கனைத்தார். அவர் கோபித்துக்கொண்டாரா என்று அதே சிறுமி கேட்டாள். இல்லை, கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும் என்றான். பிள்ளைகளுக்கு அது புரியவில்லை. ஆசிரியை அவர்களை அடுத்த கூடத்துக்கு நகர்த்தினார்.

மச்சானின் மகள் மட்டும் பின்தங்கி வந்தாள்.

"அப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு மாமா. தொட்டுப் பார்க்கவும் விட்டாரு" என்றாள்.

களிமண்ணுக்கு அப்பாடா என்றிருந்தது. அது முகத்தில் தெரிந்துவிட்டது போல. அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாராம். அதையும் சொன்னாரு."

தோழி ஒருத்தி கூப்பிட, அவள் ஓடிவிட்டாள். அவன் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் சுவரோடு சாய்ந்துகொண்டான். அருகில் வந்த டாக்டரம்மா எதையோ கேட்க வாயெடுத்து, அவன் இருந்த நிலையைப் பார்த்துக் கேட்காமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னான். அவள் ஆறுதல் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

போனான். மச்சான் கதவைத் திறந்து வாங்க என்றார். எல்லோரோடும் கேலி பேசினார், மகளைச் சிரிக்கவைத்தார், தங்கையின் தட்டில் அவளுக்குப் பிடித்ததைப் பார்த்துப் பார்த்து வைத்தார். களிமண்ணின் பக்கம் திரும்பும்போது மட்டும், சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்று குரல் மரியாதையாக மாறியது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மரியாதை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனான். அதற்கடுத்த வாரமும். போகாமல் இருக்கவும் வெட்கமாக இருந்தது, போய் உட்கார்ந்திருக்கவும் வெட்கமாக இருந்தது. போய் உட்கார்ந்திருந்தான்.